ஏழாவது வரிக்காரன்

பதிவேட்டின் நூற்றுப் பதினான்காம் பக்கத்தில், ஏழாவது வரியில், ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். எழுத்து மாறவில்லை. ‘அங்க அடையாளம்’ என்ற கட்டத்துக்குள், அவருடைய மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில், கட்டம் போதாமல் ஓரத்துக்கு வழிந்து இப்படி எழுதியிருந்தது:

‘சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழும். கோபம் வந்தால் இரண்டு காதும் சிவக்கும்.’

அவருக்குக் கழுத்திலிருந்து மேலே ஜிவ்வென்று சூடு ஏறியது.

அது துப்பாக்கிக் கடை. உரிமம் வாங்கி, கம்பிக் கதவு போட்டு, ஒழுங்காக நடக்கும் கடை. ஒரு துப்பாக்கி உள்ளே வந்தால் பதிவேட்டில் ஒரு வரி. வெளியே போனால் இன்னொரு வரி. வகை, தொடர் எண், தேதி, வாங்கியவரின் அங்க அடையாளம் எல்லாம் எழுதவேண்டும். உரிமம் கடைக்காரர் பெயரில் இருந்தது. பதிவேடு அவர் மனைவி கையில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவர் வாயால் விற்பார், அவள் பேனாவால் விற்பாள். அவள் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். காகிதத்தோடு அவருக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

இன்றைக்கு அவர் பதிவேட்டைத் திறந்ததே வேறு வழியில்லாமல்தான். மனைவியின் அக்கா வீடு மாற்றுகிறாள். சாமான் கட்ட உதவிக்கு மனைவி மூன்று நாள் போயிருக்கிறாள். மாதாந்திர அறிக்கை இன்று உரிம அலுவலகத்துக்குப் போயாகவேண்டும்.

“போன மாசத்துப் பக்கத்தப் பாத்து அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க,” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். “அப்படியே. உங்க மூளைய அதுல கலந்துடாதீங்க.”

அவரும் அப்படியேதான் எழுதிக்கொண்டு வந்தார். முதல் ஆறு வரிகளில் ஒரு வம்பும் இல்லை. ‘வலது புருவத்தில் தழும்பு.’ ‘மூக்கு நுனியில் மச்சம்.’ ‘முன்பல் ஒன்று இல்லை.’ கிடங்கில் அடுக்கிய மூட்டைகளுக்கு எழுதிய மாதிரி வறட்சியான வர்ணனைகள். ஏழாவது வரிக்கு வந்தவுடன் அதே பேனா திடீரென்று கன்னம், குழி, காது என்று இறங்கிவிட்டது.

பெயரைப் பார்த்துவிடலாம் என்றால், பெயர் இல்லை. போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பதிவேடு திருடர்கள் கையில் கிடைத்தால் யார் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று விலாசத்தோடு தெரிந்துவிடும். ஆகையால் பதிவேட்டில் படிவ எண் மட்டும் போதும், பெயர் படிவத்தில் இருக்கட்டும் என்று. அந்தப் படிவமும் மாதக் கடைசியில் முத்திரை வைத்த உறைக்குள் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

ஆக, அந்த ஆளின் பெயர் இப்போதைக்கு இரண்டாயிரத்து எண்பத்தாறு.

“இரண்டாயிரத்து எண்பத்தாறு!” என்று கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஓர் எண்ணைத் திட்டுவது எவ்வளவு சிரமம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“எண்ணெய்!” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

எண்ணெய் என்பது கடையின் பழுது பார்க்கும் ஆள். ஐம்பது வயது. ஆனாலும் முதலாளியின் மனைவி அவருக்கு ‘அக்கா’. முழங்கை வரை எப்போதும் எண்ணெய் என்பதால் சொந்தப் பெயர் அதிலேயே வழுக்கிப் போய்விட்டது. ஒரு நீளமான துப்பாக்கிக் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“என்ன மொதலாளி?”

“போன மாசம் பதினேழாம் தேதி, கடைக்கு எவனாவது சிரிச்சுக்கிட்டே வந்தானா?”

“துப்பாக்கிக் கடைக்கு எவன் சிரிச்சுக்கிட்டு வருவான்? அப்படி வந்தா போலீசுக்கு இல்ல சொல்லணும்?”

“விளையாடாத. கன்னத்துல குழி விழுற ஆளு.”

“நான் மூஞ்சியெல்லாம் பாக்கறதில்ல மொதலாளி. குழாயத்தான் பாப்பேன்.”

“உங்க அக்கா அன்னிக்கு யார்கிட்டயாவது சிரிச்சுப் பேசினாளா?”

எண்ணெயின் துணி நின்றது. “அக்கா எல்லார்கிட்டயும் சிரிச்சுத்தான் பேசும். உங்ககிட்ட மட்டும்தான் கொஞ்சம்...”

“கொஞ்சம்?”

“உள்ள வேலை கெடக்கு மொதலாளி.”

கடைக்காரர் தனியாக உட்கார்ந்து யோசித்தார். ஒருவன் சிரித்தால் கன்னத்தில் என்ன நடக்கும் என்று தெரியவேண்டுமானால் அவன் சிரித்திருக்கவேண்டும். அவன் சிரித்திருந்தால் இவள் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். சரி, போகட்டும், ஒரு நகைச்சுவை. கோபம்? அவனுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஆளைச் சிரிக்கவும் வைத்து, கோபப்படவும் வைத்து, பக்கத்திலிருந்து இரண்டு காதையும் நிதானமாகப் பார்க்கவும் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கே அதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை.

அவர் எழுந்துபோய் சுவரில் மாட்டியிருந்த தன் கடை உரிமத்தைப் பார்த்தார். அவள் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் மேலேயே முத்திரை குத்தித் தந்திருந்தார்கள். சட்டத்துக்குள் பழுத்துப்போன தாளில் அதே குண்டு எழுத்து: ‘அங்க அடையாளம்: வலது முழங்காலில் தழும்பு.’

“பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு ஒரு முழங்கால்!” என்றார் சுவரிடம். “எவனோ ஒருத்தனுக்குக் கன்னம், காது, எல்லாம்!”

“முழங்கால் இப்ப செல்லாது மொதலாளி,” என்று உள்ளேயிருந்து எண்ணெயின் குரல் வந்தது. “கால்சட்டையச் சுருட்டாமத் தெரியற அடையாளம்தான் எழுதணுமாம். அக்கா சொல்லிச்சு.”

“அப்ப எனக்கு முகத்துல எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லயா?”

“அத அக்காவத்தான் கேக்கணும்.”

கேட்டுவிடுவது என்று முடிவு செய்து தொலைபேசியை எடுத்தார். ஆனால் நேராகக் கேட்டால் பொறாமை என்று நினைத்துவிடுவாள். அவருக்கு அது பிடிக்காது. பொறாமைப்படுவது பிடித்திருந்தது, பொறாமைக்காரன் என்று தெரிவதுதான் பிடிக்கவில்லை.

“என்னங்க, காப்பி பண்ணிட்டீங்களா?” அவள் பின்னால் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

“பண்ணிக்கிட்டு இருக்கேன். நூத்திப் பதினாலாம் பக்கம். ஏழாவது வரி.”

மறுமுனையில் பெட்டிச் சத்தம் தள்ளிப் போயிற்று.

“படிச்சீங்களா?” என்றாள். குரல் இறங்கிவிட்டது. அவர் அந்தக் குரலைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

“படிச்சேன்.”

“ஓ...” என்றாள். பிறகு, “ஒண்ணும் சொல்லலயே?”

“நான் என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம், போங்க.” அவள் சிரிப்பது கேட்டது. “உண்மையத்தானே எழுதினேன். சரி, அக்கா கூப்பிடறா, வெச்சிடறேன்.”

வைத்துவிட்டாள். கடைக்காரர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நின்றார். மறுக்கவில்லை. வெட்கப்பட்டாள்! எவனைப் பற்றியோ அவரிடமே வெட்கப்பட்டாள்!

அந்த வரியைப் பதிவேட்டிலிருந்து ஒழித்துக்கட்டினால்தான் அவரால் மூச்சுவிட முடியும் போலிருந்தது. ஆனால் பதிவேட்டின் உள்ளட்டையில் விதிகள் ஒட்டியிருந்தன. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. தவறான பதிவை, அடியில் இருப்பது நன்றாகத் தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் இடவேண்டும்.

அடியில் இருப்பது நன்றாகத் தெரியும்படி! இந்த விதியை எழுதியவனுக்கு நிச்சயம் கல்யாணம் ஆகியிருக்காது.

அளவுகோலை வைத்து ஒற்றைக் கோடு இழுத்தார். விளைவு விபரீதமாக இருந்தது. அதுவரை மற்ற வரிகளோடு வரியாகக் கிடந்த கன்னக்குழி, இப்போது பக்கத்திலேயே முக்கியமான விஷயம் அதுதான் என்பதுபோல் பளிச்சென்று தெரிந்தது. பதற்றத்தோடு மேலே சரியானதை எழுதினார்:

‘கன்னத்தில் எதுவும் இல்லை. கோணல் மூக்கு.’

மனசு கொஞ்சம் ஆறியது. இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று தொடர்ந்தார்: ‘நம்பத் தகாத பார்வை. மொத்தத்தில் சுமாருக்கும் கீழே.’

சுருக்கொப்பம். தேதி. பேனாவை மூடியபோது அவருக்குப் பசி எடுத்தது.

நிம்மதி அந்த வரியின் அடுத்த கட்டம் வரைதான் நீடித்தது. அங்கே துப்பாக்கியின் தொடர் எண் இருந்தது. நானூற்றுப் பதினேழு, ஆறு தோட்டா ரிவால்வர். அவன் கொண்டுபோன பொருள் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆசையில், அதே வகையில் மிச்சம் இருப்பதைப் பார்க்கப் பெட்டகத்தைத் திறந்தார். ஒரே சாயலில் நான்கு ரிவால்வர்கள் படுத்திருந்தன. அவருக்கு நான்கும் ஒன்றுதான்; எண் வைத்துப் பிரித்துப் பார்ப்பதெல்லாம் அவள் வேலை. பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

நான்காவது, நானூற்றுப் பதினேழு.

“எண்ணெய்! வித்த துப்பாக்கி இங்கேயே கெடக்கு!”

எண்ணெய் வந்து குனிந்து பார்த்தார். “ஆமாம். மறந்துட்டுப் போயிருப்பான்.”

“மறக்கறதுக்கு இது என்ன குடையா?”

“அப்ப என்ன மொதலாளி?”

“புரியலயா உனக்கு?” கடைக்காரர் பெட்டகக் கதவைத் தட்டினார். “வாங்கறான். ஃபாரம் எழுதறான். ஆனா எடுத்துக்கிட்டுப் போகல. ஏன்? எடுத்துக்கிட்டுப் போயிட்டா திரும்ப வர்றதுக்குச் சாக்கு வேணுமே!”

எண்ணெய் அந்த அறிவைக் கண்டு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக நின்றார். “எனக்கு இதெல்லாம் தோணவே தோணாது மொதலாளி,” என்றார் உண்மையான மரியாதையோடு. பிறகு, “அக்கா வரட்டும், கேட்டுக்கலாம்,” என்று சேர்த்தார்.

“அக்கா வரட்டும், அக்கா வரட்டும்! கடை யார் பேர்ல இருக்கு?”

மாதாந்திர அறிக்கையில் ‘கையிருப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெட்டகத்தில் ரிவால்வர் நான்கு. பதிவேட்டின்படி மூன்று. கணக்கு உதைத்தது. கடைக்காரர் பேனாவைத் திறந்து, உள்ளே வந்தவற்றுக்கான பக்கத்தில் புதிதாக ஒரு வரி எழுதினார்:

‘417. திரும்ப வந்தது. கொடுத்தவர்: மேற்படி கோணல் மூக்கு. காரணம்: இனி இந்தக் கடைப் பக்கமே வரப்போவதில்லை.’

இப்போது கணக்கு நேரானது. ஆளும் ஒழிந்தான். எல்லாவற்றையும் அறிக்கையில் அப்படியே காப்பி செய்து, எண்ணெயின் சட்டைப் பையில் வைத்து அலுவலகத்துக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது. உரிம அலுவலகத்து உதவியாளர். அந்த மனிதருடைய குரலில் மேடு பள்ளம் எதுவும் கிடையாது. தீ பிடித்துவிட்டது என்பதையும் டீ வந்துவிட்டது என்பதையும் ஒரே மாதிரி சொல்லக்கூடியவர்.

“சார், நானூத்திப் பதினேழு திரும்ப வந்ததா எழுதியிருக்கீங்க. கொடுத்தவர் கையெழுத்து போட்ட ஃபாரம் இல்லயே?”

“அவன் கையெழுத்து போடல.”

“ஏன் சார்?”

“அவன் வரல.”

“அவர் வராம துப்பாக்கி எப்படி வந்துச்சு?”

கடைக்காரர் கம்பிக் கதவைப் பார்த்தார். அது உதவி எதுவும் செய்யவில்லை.

“சரி, அத அப்புறம் பாப்போம். அடையாளத்துல ‘நம்பத் தகாத பார்வை’ன்னு திருத்தியிருக்கீங்க. அப்படிப்பட்டவருக்குத் துப்பாக்கி விக்கறது விதிமீறல் சார். அது விக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா, வித்தப்புறம் தெரிஞ்சுதா?”

“வித்தப்புறம்தான். நேத்துதான் தெரிஞ்சுது.”

“அப்படின்னா சந்தேக அறிக்கை கொடுக்கணும். தெரிஞ்சதுலேர்ந்து நாப்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள. கொடுக்கலன்னா உங்க லைசென்ஸ் போயிடும்.”

“கொடுத்தா?”

“கொடுத்தா அவரோட லைசென்ஸ் போகும்.”

கடைக்காரருக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் முதல் முறையாக உலகம் நியாயமானதாகத் தெரிந்தது. “அவனோடது நிச்சயமாப் போகுமா?”

“நிச்சயமா சார்.”

சந்தேக அறிக்கைப் படிவம் நான்கு பக்கம். பன்னிரண்டு வருடத்தில் அவர் தானே எழுதிய முதல் படிவம் அதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுவதுபோல் எழுதினார்.

‘சந்தேகத்துக்கான காரணம்?’ என்று படிவம் கேட்டது. ‘குடும்பஸ்தர் நடத்தும் கடையில் அவசியமில்லாமல் சிரித்தல்’ என்று எழுதினார்.

‘இந்நபர் தற்போது எங்கே இருக்கக்கூடும்?’

‘தெரியாது. ஆனால் கடையைச் சுற்றியேதான் இருப்பார்.’

‘இந்நபரால் யாருக்கேனும் ஆபத்து உண்டா?’

பேனா நின்றது. தெருவில் ஒரு மிதிவண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. அவர் மெதுவாக எழுதினார்: ‘என் குடும்பத்துக்கு உண்டு.’

அதை எழுதியபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை, கோபமும் வரவில்லை. அவள் இல்லாத கடை எப்படி இருக்கும் என்று இந்த இரண்டு நாளில் பார்த்துவிட்டார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்றுகூடத் தெரியவில்லை.

அன்றே எண்ணெயின் சட்டைப் பையில் அதுவும் போயிற்று. மாலையில் பதில் வந்தது: நாளை காலை பதினொரு மணிக்கு ஆய்வாளர் நேரில் வருகிறார். முத்திரை உறையைப் பதிவேட்டுக்கு எதிரில் வைத்துத்தான் பிரிக்கவேண்டும் என்பது விதி. ஆகவே உறையும் கூட வருகிறது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மனைவி வந்து சேர்ந்தாள். முகம் நன்றாக மலர்ந்திருந்தது. தலையில் புதிதாக ஒரு கிளிப் இருந்தது. கடைக்காரர் இரண்டையும் குறித்துக்கொண்டார். பையைக் கீழே வைத்ததும் அவள் கை பழக்கத்தில் பதிவேட்டைத் திறந்தது.

“யாரு இதுல கை வெச்சது?”

“நான்தான்.”

“பன்னிரண்டு வருஷத்துல மொத்தமே ஒம்போது அடித்தல். மூணு நாள் விட்டுட்டுப் போனேன், அதுக்குள்ள...” அவள் குனிந்து படித்தாள். “கோணல் மூக்கா? யாருக்கு?”

“அவனுக்குத்தான்.”

“எவனுக்கு?”

“ஏழாவது வரிக்காரனுக்கு!”

அவள் கணவனுடைய முகத்தையே பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். உள்ளேயிருந்து எண்ணெய் எட்டிப் பார்த்துவிட்டு, தலையை இழுத்துக்கொண்டார்.

“சிரி. நல்லாச் சிரி. அவன் வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்தே சிரிங்க.”

சிரிப்பு நின்றது.

“என்னங்க... நிஜமாவே அது யாருன்னு உங்களுக்குத் தெரியலயா?”

“பேர் எழுதியிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“போன்ல படிச்சேன்னு சொன்னீங்களே!”

“படிச்சதாலதான் கேக்கறேன். எத்தன நாளாப் பழக்கம்?”

“பழக்கமா? நான் அவர்கூட ஒழுங்கா உக்காந்து பேசியே ஒரு வருஷம் ஆச்சு.”

“அப்ப அதுக்கு முன்னாடி உக்காந்து பேசியிருக்க!”

“பேசியிருக்கேன்.”

“ஒத்துக்கற!”

“அந்த மூக்கும் ஒண்ணும் கோணல் இல்ல,” என்றாள் அவள், சட்டென்று கோபமாக. “நல்ல மூக்குதான்.”

“மூக்கு வேறயா!” கடைக்காரர் மேசையைத் தட்டினார். பூதக்கண்ணாடி உருண்டு கீழே விழுந்தது. “இன்னிக்குப் பாரு. பதினோரு மணிக்கு அவன் கதை முடியுது.”

மேசை இழுப்பறையிலிருந்து சந்தேக அறிக்கையின் நகலை எடுத்து அவள் முன்னால் போட்டார். அவள் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். படிக்கப் படிக்க, வந்தபோது இருந்த மலர்ச்சி முகத்திலிருந்து இறங்கிப் போயிற்று. கடைசிப் பக்கத்தை மேசையில் வைத்தபோது அவள் முகம் கடையின் மற்றச் சாமான்களைப் போல் குளிர்ந்திருந்தது.

“அரசாங்கத்துக்கே எழுதிட்டீங்க.”

“விதி அப்படி.”

“என்கிட்ட ஒரு வார்த்த நேராக் கேக்கத் தோணல. அரசாங்கத்தக் கேட்டிருக்கீங்க.”

“இப்பக் கேக்கறேன். யாரு அவன்?”

“இப்ப நான் சொன்னா நீங்க நம்பற நிலைமைல இல்ல. அவங்களே வந்து சொல்லட்டும்.” அவள் கீழே வைத்த பையை மறுபடியும் தோளில் மாட்டிக்கொண்டாள். “அது முடிஞ்சதும் நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இந்தத் தடவ மூணு நாள் இல்ல.”

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்ல விரும்பியது ‘போகாதே’ என்பதுதான். வந்தது, “சாவியெல்லாம் எதுக்கு எதுன்னு எழுதி வெச்சிட்டுப் போ,” என்பது.

“அந்த எழுத்தையும் அடிச்சுத் திருத்தவா?” என்றாள் அவள்.

சரியாகப் பதினொரு மணிக்கு ஆய்வாளர் அம்மா வந்தார். தடித்த கண்ணாடி, தடித்த கோப்பு. பின்னால் உதவியாளர், முத்திரை உறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்திவிடும் பொருள்போல் கொண்டுவந்தார்.

“இவ்வளவு தீவிரமான சந்தேக அறிக்கைய நான் பாத்ததே இல்ல,” என்றார் ஆய்வாளர் நாற்காலியில் அமர்ந்து. “வித்தவரே கைப்பட நாலு பக்கம் எழுதியிருக்கார். ஆள் மோசமானவரோ?”

“ரொம்ப மோசம் மேடம்.”

“நேர்ல பாத்திருக்கீங்களா?”

“பாக்கணும்னு அவசியமில்ல மேடம். அந்த மாதிரி ஆளப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும்.”

சுவரோரம் பையோடு நின்ற மனைவி கூரையைப் பார்த்தாள்.

“அவர இனிமே துப்பாக்கி பக்கத்துலயே விடக் கூடாதுங்கறீங்க?”

“கடைத் தெருவுலயே விடக் கூடாது மேடம்.”

“நல்லது.” ஆய்வாளர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். “லைசென்ஸ் ரத்து உத்தரவு தயாரா இருக்கு. கையெழுத்தும் போட்டாச்சு. பேர் மட்டும்தான் எழுதணும். உறையப் பிரிங்க.”

உதவியாளர் உறையின் முத்திரையை எல்லோருக்கும் ஒருமுறை காட்டினார். உடைத்தார். படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டாயிரத்து எண்பத்து மூன்று. எண்பத்து நான்கு. எண்பத்தைந்து. கடைக்காரர் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இரண்டு காதும் கொதித்தன. எண்ணெய் கையிலிருந்த துணியை மறந்து வாசலில் நின்றார். மனைவி மட்டும் எங்கேயும் பார்க்காமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இரண்டாயிரத்து எண்பத்தாறு,” என்றார் உதவியாளர். பெயரைப் படித்தார். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, கோடு போட்டு அடித்திருந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு நிமிர்ந்து கடைக்காரரின் கன்னத்தைக் கவனமாகப் பார்த்தார்.

“கடைக் காவலுக்கு வெச்சுக்கற துப்பாக்கிய உரிமையாளர் தன் பேருக்கே வித்து எழுதிக்கணும்னு போன ஆய்வுல மேடம் சொன்னாங்கல்ல, அந்த ஃபாரம்தான் இது, வாங்கினவர் நீங்கதான்,” என்றார் அவர், மேடு பள்ளமில்லாத அதே குரலில். “அடையாளம் சரிபாக்கணும். கொஞ்சம் சிரிங்க சார்.”